உங்களுக்குத் தெரியுமா? எண் குறைந்தால் தரம் கூடும்!

வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264 மென்பொருளில் அதன் தரத்தைத் தீர்மானிக்கும் சிஆர்எஃப் எண், தேர்வு மதிப்பெண்ணுக்கு நேர்மாறானது: குறையக் குறையப் படம் தெளியும், கோப்பும் பெரிதாகும். அளவுகோல் 0 முதல் 51 வரை; எதையும் மாற்றாமல் விட்டால் 23. ஏறத்தாழ 6 கூட்டினால் கோப்பு பாதியாகும். 18-இல் மூலத்துக்கும் நகலுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் கீழே இறங்கினால் வட்டுக்குத்தான் சுமை. மழையும் அலையும் நிறைந்த காட்சி அதே எண்ணிலும் நிறைய இடம் பிடிக்கும். அசையாத பின்னணியில் செய்தி வாசிப்பவருக்குக் கொஞ்சமே போதும். அதனால் இறுதி அளவை முன்கூட்டிச் சொல்ல இயலாது. குறிப்பிட்ட அளவுக்குள் கோப்பு அடங்கியே தீர வேண்டுமென்றால், சராசரி பிட்வீதம் (நொடிக்கு எத்தனை பிட்) தந்து சுருக்கத்தை இருமுறை ஓட்டுவதே வழி. மற்றொரு சுருக்க மென்பொருளான எக்ஸ்265-இல் இயல்பு எண் 28. இரண்டின் எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.