ஒண்டுக் குடித்தனக்காரர்!

"எட்டு ஜி.பி. என்று சொல்லித்தானே கொடுத்தார்கள், தம்பி? ஏழு சொச்சம்தான் காட்டுகிறது! மீதி எங்கே போயிற்று?"

மகளின் கல்லூரிப் படிப்புக்காக வாங்கிய புது லாப்டாப்பை என் மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள் எதிர் வீட்டு அம்மாள். கட்டடப் படம் வரையும்போது அது திணறுகிறதாம். வளையலை விற்றாவது வேறு வாங்கிவிடலாமா என்று யோசனை.

பாவம், கடைக்காரர் மேல் குற்றமில்லை. அந்தப் பெட்டிக்குள் ஒண்டுக் குடித்தனக்காரர் ஒருவர் இருக்கிறார்! அவர் பெயர் கிராபிக்ஸ். திரையில் தெரியும் எழுத்து, படம், சினிமா எல்லாம் அவர் வரைந்து கொடுப்பவைதான். விலை கூடிய சில லாப்டாப்புகளில் அவருக்குத் தனி மெமரி உண்டு. மற்றவற்றில் பிராசஸருக்குள்ளேயே ஓர் அறையில் இருந்துகொண்டு, பொதுச் சொத்தான ராம் மெமரியில் பங்கு கேட்கிறார். இது நேற்று வந்த வழக்கமல்ல; 1999-ல் வெளிவந்த இன்டெல் 810-லேயே ராமில் பங்கு கேட்கும் ஏற்பாடு இருந்தது.

லாப்டாப்பைத் திறந்ததுமே கொஞ்சம் இடம் அவருக்கென்று ஒதுக்கப்பட்டுவிடும். கணக்கில் குறைந்தது பெரும்பாலும் அதுதான். பிறகு வேலைக்கு ஏற்ப இன்னும் வாங்கிக்கொள்வார். வேலை முடிந்ததும் திருப்பித் தந்துவிடுவார். விண்டோஸ் டாஸ்க் மானேஜரில் 'ஷேர்டு' மெமரி என்று ராமில் ஏறக்குறையப் பாதியைக் காட்டினால் பயப்படாதீர்கள். அது உச்சவரம்பு, அபகரித்த சொத்தல்ல.

உண்மையான தகராறு எங்கே தெரியுமா? குழாயடியில்! பிராசஸரும் கிராபிக்ஸும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டியிருக்கிறது. டி.டி.ஆர். 4-3200 ராம் அட்டை ஒன்று மட்டும் இருந்தால், வினாடிக்கு 25.6 ஜி.பி. தான் உச்ச வேகம். இரண்டு அட்டைகளை ஜோடியாகப் போட்டால் 51.2 ஜி.பி. இடமும் கூடுகிறது, குழாயும் இரண்டாகிறது!

மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்து பார்த்தோம். ஒரே அட்டை, பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் காலி! அதே மாதிரி இன்னோர் எட்டு ஜி.பி. அட்டை போட்டார். செலவு, புது லாப்டாப் விலையில் ஒரு பங்குதான். திணறல் வெகுவாகக் குறைந்தது.

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. மெல்லிய லாப்டாப்புகள் பலவற்றில் ராமைப் பற்றவைத்தே விடுகிறார்கள். பிறகு கூட்ட முடியாது. ஆகவே, சகோதரிகளே, வாங்குமுன் கேளுங்கள்: ராம் அட்டை ஒன்றா, இரண்டா? காலி இடம் உண்டா? பற்றவைத்ததா?

எதிர் வீட்டு அம்மாளின் வளையல் இன்னும் கையிலேயே இருக்கிறது!