உங்களுக்குத் தெரியுமா? நுழைவுச்சீட்டு இல்லாத ஒளிக்கூடம்!

ஒளிக்கலையைக் காண யட்டவத்த மக்கள் கலைக்கூடம் தேடிப் போக வேண்டியதில்லை. பௌத்தர்களின் வெசாக் பௌர்ணமி இரவில் இலங்கையின் வீதியே கலைக்கூடம்.

★ வெசாக் பௌர்ணமி 1885இல், பிரித்தானியர் காலத்தில், பொது விடுமுறையானது. அதே ஆண்டு ஏப்ரல் 28இல்தான் பௌத்த கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபை வெசாக் தினத்தை அங்கீகரித்தது 1999இல்.

★ வெசாக் கூடுகள் எனப்படும் தாள் விளக்குகளில் மரபானது 'அட்டபட்டம'. மூங்கில் ஈர்க்குகளால் ஆறு சதுரங்கள் கட்டி, மூலையோடு மூலை சேர்த்துக் கட்டினால், இடையில் எட்டு முக்கோணங்கள் தானாகவே பிறக்கும். மெல்லிய வண்ணத்தாள் ஒட்டி உள்ளே விளக்கேற்றினால், காற்றில் தாள்வால் அசையும்போது நிறமும் சேர்ந்து அசையும்.

★ வீதியோரத்தில் எழும் பெரிய வெசாக் பந்தல்கள் புத்தரின் முற்பிறவிகளைப் பற்றிய ஜாதகக் கதைகளைச் சொல்கின்றன. பாளி மொழித் தொகுப்பில் அத்தகைய கதைகள் 547.

★ பந்தலின் பல்புகளில் ஒளி ஓடுவது எப்படி? மரபான பந்தலில் பின்னால் ஒரு மர உருளை சுழலும். அதில் பதித்த செப்புத் தகடுகள் மின்தொடுகைகளில் உரச, ஒவ்வொரு வரிசையாக எரிந்து அணையும். கணினிக்கு முந்திய கைவேலை இது!

★ பார்க்க வருவோருக்கு 'தன்சல்' பந்திகளில் உணவும் குளிர்பானமும் இலவசம்.

யட்டவத்த அமைந்துள்ள மாத்தளை மாவட்டத்தில்தான், பௌத்த மறையான திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட அலுவிகாரையும் உள்ளது. அடுத்த வெசாக்கில் பிள்ளைகளோடு வீதியில் நடந்து பாருங்கள். வீட்டு வாசலில் ஒரு கூடும் கட்டுங்கள்.