குற்றத்தின் நிழலில் ஒரு நாயகி

பட்டாபிராமில் மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குச் செல்வோர், கையடக்க நாவலொன்றைப் படித்துக்கொண்டே பயணம் செய்த காலம் உண்டு. ராஜேஷ்குமாரின் ரூபலாவும் பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலாவும் அத்தகைய துப்பறியும் கதைகளில் அறத்தின் பக்கம் நிற்பவர்கள். அவர்களைப் பற்றி நமக்கு ஐயமில்லை. ஆயினும், நல்லவளா தீயவளா என்று துணிந்து கூற இயலாத பெண்ணே நெஞ்சில் நெடுநாள் தங்குகிறாள். இதற்குக் காரணம் யாது?

இத்தகைய நாயகி நமக்குப் புதியவள் அல்லள். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியில் சில செய்யுட்களே இன்று எஞ்சியுள்ளன; கதை மட்டும் வழங்கிவருகிறது. வணிகர் மகள் பத்திரை, கொலைத் தண்டனை பெற்ற கள்வனைக் காதலித்து, மீட்டு, மணக்கிறாள். பின்னர் அவனே அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்ல முனைகிறான். இறக்குமுன் கணவனை வலம்வர வேண்டுமெனக் கேட்டு, பின்புறம் வந்தபோது அவனைத் தள்ளிவிடுகிறாள். உயிர் காத்தாள், கொலையும் செய்தாள். இறுதியில் பௌத்தத் துறவியாகிறாள்.

நம் காலத்தில் இவ்வகையில் தலைசிறந்தவள் நந்தினி. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னை ஒரு கொலைக் கதையாகவும் படிக்கலாம். ஆதித்த கரிகாலனைக் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்ட சோமன், இரவிதாசன் முதலியோரை உடையார்குடிக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. நந்தினியோ கல்கியின் கற்பனை. வீரபாண்டியனின் உயிருக்காக அவள் மன்றாடியும், கரிகாலன் அவன் தலையைக் கொய்தான். அந்தத் துயரை அறிந்தபின் அவளை வெறுக்க மனம் வருவதில்லை. ஆனால், பழிக்காக முதிய பழுவேட்டரையரின் அன்பை அவள் கருவியாக்கும்போது, அவளை ஏற்கவும் முடிவதில்லை. கரிகாலனைக் கொன்ற கை யாருடையது என்பதைக் கல்கி ஐயத்திலேயே விட்டுவிட்டார்.

தொடர்கதையின் வலிமை இங்கேதான் உள்ளது. ஒரு வாரம் அவள்மீது சினம், மறுவாரம் இரக்கம். தீர்ப்பை நாம் தள்ளிப்போட வேண்டியதாகிறது. நாளிதழின் குற்றச் செய்தியில் ஒரு பெண்ணின் பெயரைக் கண்டதும், அவள் நடத்தையைப் பற்றி நொடியில் முடிவு கட்டிவிடுகிறோம். அவளுக்கு நேர்ந்தது என்ன என்று கேட்பதில்லை. நந்தினியைப் படித்தவர் அக்கேள்வியைக் கேட்கப் பழகியவர். கேட்பதனால் குற்றம் குணமாகிவிடாது. ஆயின், குற்றத்திற்குப் பின்னே ஓர் உயிர் நிற்பது தெரியும்.