டர்போ எஞ்சினுக்கு எந்த எண்ணெய்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

என் பாட்டனார் மாட்டு வண்டி ஓட்டியவர். நெல் மூட்டை ஏற்றிப் புறப்படுமுன் வண்டியின் இருசுக்கு மை போடுவார். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை ஆயிற்று. மை போடாத வண்டி ஊர் எல்லையைத் தாண்டுமுன்பே கிறீச்சிட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். என் தந்தையார் ஓட்டுவது டர்போ பொருத்திய பழைய டீசல் கார். வாடகைக்கு ஓடுவது. அது கிறீச்சிடவில்லை; ஒருநாள் நீலப் புகை கக்கிற்று, அவ்வளவுதான். அதைச் சரி செய்ய அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. மீட்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று. ஏன் இப்படி நேர்ந்தது என்று தேடியபோது நான் தெரிந்துகொண்டவற்றை இங்கு எழுதுகிறேன்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றினால், அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும். காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். இதுவே டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தை மாதத்தில் நம் வயல்களில் இறங்கும் அறுவடை இயந்திரங்கள் பலவற்றிலும் இது உண்டு.

காரில் உள்ள டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை இலட்சம் முறைக்கு மேலும் சுழலக்கூடியது. அதன் ஒரு பக்கத்தில் மோதும் புகை, டீசல் எஞ்சினில் 700, 800 டிகிரி செல்சியஸ் வரை போகும். பெட்ரோல் எஞ்சினில் 900ஐத் தாண்டும். இந்தத் தண்டு பெரும்பாலான டர்போக்களில் மயிரிழையிலும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. தாங்குவதும் எண்ணெய், சூட்டை வாங்கிச் செல்வதும் எண்ணெய்.

தந்தையாருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் நவக்கிரகச் சவாரிகள். திங்களூர், ஆலங்குடி, திருநாகேசுவரம், சூரியனார் கோயில், கஞ்சனூர், வைத்தீசுவரன் கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு – ஒன்பதும் ஒரே நாளில். நடை சாத்துமுன் சேர வேண்டுமென்று விரட்டி ஓட்டுவார். கோயில் வாசல் வந்ததும் டீசலை மிச்சம் பிடிக்க உடனே சாவியைத் திருப்புவார். எஞ்சின் நின்றால் எண்ணெய் பம்பும் நின்றுவிடும். பேரிங்கில் தங்கிய எண்ணெய், பக்கத்தில் பழுக்கக் காய்ந்த உலோகத்தின் சூட்டில் நின்ற இடத்திலேயே வேகும். அடுப்பில் மறந்துவிட்ட வாணலியில் எண்ணெய் கறுத்து, பிசினாகி, கரியாவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான், நாளொன்றுக்கு ஒன்பது தடவை! டர்போவைப் பிரித்த மெக்கானிக், எண்ணெய் வரும் துளையில் அடைத்திருந்த கரியை ஊசியால் கிளறிக் காட்டினார்.

சரி, ஊற்றிய எண்ணெய் எது? "நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி ஆயில்தாண்ணே தாங்கும்" என்று முன்பு ஒரு பட்டறையில் சொன்னதை நம்பி, 20டபிள்யூ-40 என்ற சாதாரண எண்ணெயை ஊற்றி வந்திருக்கிறார். கேட்பதற்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஓடும் எஞ்சினில் எண்ணெய் ஏறத்தாழ 100 டிகிரியில் இருக்கும். தஞ்சாவூர் வெயிலானாலும் காசுமீரத்துக் குளிரானாலும் தெர்மோஸ்டாட் எஞ்சினின் சூட்டைப் பெரிதும் மாற விடுவதில்லை. பின்னால் வரும் எண் அந்தச் சூட்டில் எண்ணெயின் பாகுநிலையைக் குறிப்பது. 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை இருந்தால் 30. அதற்கு மேல் 16.3 வரை 40. எந்தத் தடிப்பு வேண்டுமென்பது எஞ்சினைச் செய்தவன் வைத்த இடைவெளியைப் பொறுத்தது, வெயிலைப் பொறுத்ததன்று. முன்னால் வரும் எண் குளிருக்கானது. 5டபிள்யூ என்பதைச் சுழியத்துக்குக் கீழ் 30 டிகிரியில் சோதிக்கிறார்கள். அந்தக் குளிர் மார்கழியிலும் நம்மிடம் எட்டிப் பார்க்காது. ஆயினும் விடியற்காலையில் முதல்முறை எஞ்சினை முடுக்கும்போது, கெட்டி எண்ணெய் டர்போவைச் சென்றடையச் சற்றுத் தாமதமாகும். தண்டோ உடனே சுழலத் தொடங்கிவிடும்.

இனி 'சிந்தெடிக்' என்ற சொல். நரிமணத்தில் எடுத்ததானாலும் அரபு நாட்டிலிருந்து வந்ததானாலும் கச்சா எண்ணெய் பலவகை மூலக்கூறுகளின் கலவை. அதை வடித்துப் பிரித்த சாதாரண எண்ணெயில் எளிதில் ஆவியாகுபவையும், ஆக்சிஜனேற்றத்துக்கு எளிதில் இடங்கொடுப்பவையும் கலந்தே இருக்கும். எத்திலீனிலிருந்து டெசீன் செய்து, அதன் மூலக்கூறுகளை மூன்று நான்காகக் கோத்து, ஹைட்ரஜனால் நிறைவுறச் செய்தால் ஏறத்தாழ ஒரே சீரான எண்ணெய் கிடைக்கிறது. அது சூட்டில் அவ்வளவு விரைவில் கரியாகாது. ஆனால் கடையில் 'முழு சிந்தெடிக்' என்று விற்பவற்றுள் பல இப்படிக் கட்டியவை அல்ல. கச்சா எண்ணெயையே கடும் அழுத்தத்தில் ஹைட்ரஜனுடன் வினைப்படுத்தித் திருத்தியவை. 1999இல் அமெரிக்காவில் இது பற்றி ஒரு விளம்பரத் தகராறே நடந்து, அதையும் சிந்தெடிக் என்று அழைக்கலாம் என முடிந்தது. அதுவும் நல்ல எண்ணெய்தான். ஆயினும் அந்த ஒரு சொல்லை மட்டும் பார்த்து வாங்குவது, பையின் மேலுள்ள படத்தைப் பார்த்து விதைநெல் வாங்குவது போலத்தான்.

பார்க்க வேண்டியது டப்பாவின் பின்புறம். பெட்ரோல் டர்போவில் குறைந்த வேகத்தில் அதிகப் பாரம் இழுக்கும்போது, எண்ணெய்த் துளி தீப்பொறிக்கு முன்பே எரிபொருளைப் பற்ற வைத்துப் பிஸ்டனை உடைத்துவிடுவதுண்டு. அழுக்கு நீக்கச் சேர்க்கும் கால்சியச் சேர்மங்கள் இதைத் தூண்டுகின்றன. மக்னீசியச் சேர்மங்கள் அவ்வாறு தூண்டுவதில்லை. இதற்கான சோதனையையும் உட்கொண்டது 2020இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற தரம். ஆகவே எஸ்.எல்., எஸ்.எம். என்ற பழைய எழுத்துகளைத் தாங்கிய எண்ணெய், அசல் சிந்தெடிக்காகவே இருந்தாலும், இன்றைய பெட்ரோல் டர்போவுக்கு ஆகாது. 2020 ஏப்ரலில் வந்த பாரத் நிலை 6 விதிக்குப் பிந்திய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. பிடித்த கரியை அது எரித்துவிடும். எண்ணெயிலுள்ள உலோகங்களின் சாம்பலை எரிக்க முடியாது. அவற்றுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் என்று கையேடே சொல்லும்.

எங்கள் காருக்கும் கையேடு இருந்தது. டாஷ்போர்டில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல், ஆங்கிலத்தில். 5டபிள்யூ-30, சிந்தெடிக் என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அதைப் படிக்கக்கூடியவன் நான் ஒருவனே. நானோ கார் கெட்ட பிறகுதான் அதைத் திறந்தேன்.

இப்போது தந்தையார் அந்த எண்ணெயையே வாங்குகிறார். லிட்டருக்கு விலை கூடுதல்தான். வளையலோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. கோயிலை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, நிறுத்திய பின்னும் ஒரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓட விட்டே அணைக்கிறார். வாரம் ஒருமுறை எண்ணெய் அளவுக் குச்சியை உருவிப் பார்க்கிறார். காலி டப்பாவை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை. அதில் போலி எண்ணெயை நிரப்பி விற்பவர்கள் இருப்பதால், கத்தியால் இரண்டாக அறுத்துத்தான் வெளியே போடுகிறார்.