நிறம் பார்த்த நாட்கள்

ஐந்து மில்லி பெனடிக்ட் கரைசல், எட்டுச் சொட்டு சிறுநீர். சோதனைக் குழாயை ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்கவைத்து, ஆறியதும் பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறத்தில் வண்டல் இறங்கினால் நிறைய. குளுக்கோமீட்டர் வீட்டுக்கு வருமுன், சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த நிறங்கள்தான் வழிகாட்டி.

கரைசலில் இருப்பது மயில்துத்தம். சூடேறும்போது குளுக்கோஸ் அந்தச் செம்பு அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுக்கிறது. நீலம் போய்ச் சிவந்த செம்பு ஆக்சைடு படிகிறது. பள்ளி ஆய்வகத்தில் இன்றும் செய்கிற சோதனைதான்.

வேதியியலில் குறையில்லை, சிக்கல் சிறுநீரில் இருந்தது. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிவதைப் போலத்தான். வழியாதபோது ஏரியில் பாதித் தண்ணீர் இருக்கிறதா, தரை தெரிகிறதா என்று கலங்கலைப் பார்த்துச் சொல்ல முடியாது. சர்க்கரை 150 இருந்தாலும் குழாய் நீலம். 40க்கு இறங்கி ஆள் மயங்கப் போகிற நேரத்திலும் அதே நீலம். அதோடு, சிறுநீர் பையில் சேர்ந்து நிற்பது சில மணி நேரத்துக்கு முந்தைய செய்தி. இதை நம்பி இன்சுலின் அளவை முடிவு செய்தவர்களின் துணிச்சலை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

1941இல் அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம் கிளினிடெஸ்ட் மாத்திரையைக் கொண்டுவந்தது. விளக்கே வேண்டாம். மாத்திரையில் இருந்த காஸ்டிக் சோடா நீரில் கரையும்போதே கொதிக்கும் அளவுக்குச் சூடு கிளம்பும். ஆனால் கண்ணை எடுக்கக் கூடாது. சர்க்கரை மிக அதிகமாக இருந்தால் நிறம் ஒரு நொடி ஆரஞ்சுக்குப் போய், பிறகு பழுப்புப் பச்சைக்குத் திரும்பிவிடும். கடைசியில் பார்த்தவர் குறைவு என்றே நினைப்பார். தெரியாமல் விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துபோகும். குழந்தைகள் உள்ள வீட்டில் அது ஆபத்தான பொருள்.

அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ தம்பதியரின் உழைப்பில் 1956இல் கிளினிஸ்டிக்ஸ் வந்தது: நனைத்துப் பார்க்கிற காகிதப் பட்டை. குளுக்கோஸை மட்டும் தேடிப் பிடிக்கும் நொதி அதில் பூசப்பட்டிருந்தது. அடுத்த பத்தாண்டில் ரத்தத்துக்கே பட்டை வந்தது, பெயர் டெக்ஸ்ட்ராஸ்டிக்ஸ். பெரிய சொட்டாக ரத்தம் வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, தண்ணீரில் கழுவி, நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். சர்க்கரையால் கண் கெட்டவர்களுக்கு அந்த நிற வேறுபாடு எப்படித் தெரிந்திருக்கும்?

அந்த வேலையைக் கண்ணிடமிருந்து வாங்கிக்கொண்டது, 1970 வாக்கில் வந்த ஏம்ஸ் மீட்டர். ஒரு கிலோவுக்கு மேல் எடை. மருத்துவர்களுக்கு மட்டுமே விற்பனை. சிறு வயதிலிருந்தே இன்சுலின் போட்டு வந்த ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற பொறியாளர், மருத்துவரான தன் மனைவியின் பெயரில் ஒன்றை வாங்கினார். நாளுக்குப் பலமுறை அளந்து, சாப்பாட்டையும் இன்சுலினையும் திருத்தித் தன் உடல்நிலையை மீட்டார். நோயாளி வீட்டிலேயே அளக்கலாம் என்று அவர் எழுதியதை மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார். சர்க்கரைச் சிகிச்சையின் வரலாற்றில் நோயாளி ஒருவர் செய்த மிகப் பெரிய காரியம் இதுதான் என்பேன்.

கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்கவைத்து, மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டிப் போட்டுக்கொண்ட காலமும் போய்விட்டது. அந்தக் காலத்து அளவு ஒன்று மட்டும் நம் ஊரில் இன்னும் நிற்கிறது. இந்தியாவில் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் மருந்து 100 யூனிட். 40 யூனிட் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் ஏற்றினால் இரண்டரை மடங்கு இன்சுலின் உடலுக்குள் போய்விடும். மருந்துக் கடையில் வாங்கும்போதே குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து வாங்குங்கள்.