ஆர்.ஓ. குழாய் வழியே ஓடும் தண்ணீர்

தில்லிக்கு மாற்றலாகி வரும் நம்மவர்களில் பலர் வீடு பிடித்ததும் வாங்குவது ஆர்.ஓ. கருவிதான். அது ஒரு லிட்டர் நல்ல நீர் தர, சுமார் மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. உள்ளே இருக்கும் சவ்வில் உப்பு அடைக்காமல் அலசிச் செல்ல அந்த நீர் தேவை. குடிக்க, சமைக்க நாளுக்கு 20 லிட்டர் என்றால் சாக்கடைக்குப் போவது 60 லிட்டர், மாதம் 1,800. கோடையில் டாங்கர் லாரிக்கு ஜனங்கள் குடத்தோடு காத்து நிற்கும் இதே ஊரில்!

எல்லா வீட்டுக்கும் இது அவசியமில்லை. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கும் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் அரசைப் பணித்தது. பேனா அளவு டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான். குழாய் நீரை அளந்து பாருங்கள். குடிநீர் வாரிய நீர் 500க்குள் இருந்தால் கொதிக்க வைத்து வடிகட்டினாலே போதும் என்பது என் கட்சி. மீட்டர் கிருமியைக் காட்டாது, ஆர்சனிக்கையும் காட்டாது. ஆகவே போர்வெல் நீரை ஆய்வகத்தில் கொடுத்தே பார்க்க வேண்டும். (துவரம்பருப்பு வேகாமல் அடம் பிடித்தாலே கடின நீர் என்று மாமிகள் சொல்லிவிடுவார்கள்!)

ஆர்.ஓ. வேண்டியே இருந்தால், கழிவுக் குழாயை ஒரு வாளியில் விடுங்கள். தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் அது தாராளம். துளசிக்கு மட்டும் தினமும் ஊற்றாதீர்கள்; மண்ணில் உப்பு சேர்ந்துவிடும்.