ஊருக்குச் சொந்தமான சூரிய மின்சாரம்

பலர் பணம் போட்டு, ஒரே இடத்தில் சோலார் பலகைகளை அமைத்து, பயனைப் பங்கிட்டுக்கொள்வது கூட்டுச் சூரிய மின்திட்டம். பள்ளிக்கூடம், சந்தை, சமுதாயக் கூடம் என ஒரு பெரிய கூரை இருந்தால் போதும். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் பொது மின்கம்பியில் கலக்கும். பங்குதாரர்களின் மின்கட்டணத்தில் அவரவர் பங்குக்கு உரிய யூனிட்டுகள் கழிக்கப்படும், அல்லது விற்ற பணம் பிரித்துத் தரப்படும். வருமானத்தில் ஒரு பகுதியை ஊர்ப் பொது நிதியாக ஒதுக்கி, தெருவிளக்கு, குடிநீர், மரம் வளர்ப்பு போன்ற பணிகளுக்குச் செலவிடும்போது திட்டம் முழுமை பெறுகிறது.

புதுச்சேரி நகரத்துக்கு இந்த முறை மிகவும் பொருந்தும். ஒரு கிலோவாட் பலகைக்கு நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும். நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் கிடைக்கும். பழைய தெருக்களில் வீடுகள் பக்கச் சுவரைப் பகிர்ந்துகொண்டு நெருக்கமாக நிற்கின்றன. மரபுக் கட்டடங்களின் கூரையில் நினைத்ததையெல்லாம் ஏற்ற முடியாது. வாடகைக்குக் குடியிருப்பவருக்கும், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருப்பவருக்கும் கூரையே இல்லை. மானியம் எவ்வளவு தந்தாலும் இவர்கள் தனியாகச் சோலார் போட வழியில்லை. யூனியன் பிரதேசமும் தன் மின்சாரத்தைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே வாங்குகிறது. சொந்த உற்பத்தி என்று சொல்லத்தக்கது காரைக்காலில் உள்ள 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம்.

ஒரு கூரையில் விளையும் மின்சாரத்தை வேறொரு வீட்டின் கணக்கில் கழிக்க விதி இடம் கொடுக்க வேண்டும். டெல்லியின் ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. புதுச்சேரிக்கு இத்தகைய விதிகளை வகுப்பது கோவா மாநிலத்துக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்; மின்சாரத்தை வழங்குவது புதுச்சேரி மின்துறை.

மின்சாரத்தை விற்று ஊரை நடத்தியதற்குத் தமிழகத்தில் சிறந்த சான்று கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி. அங்கே பயன்பட்டது வெயில் அல்ல, காற்று. ஆனால் கணக்கு ஒன்றுதான். 1996 முதல் பத்தாண்டுகள் ஊராட்சித் தலைவராக இருந்த ஆர். சண்முகத்தின் காலத்தில், குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கட்ட வேண்டிய மின்கட்டணம் ஊராட்சியின் வருமானத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. முதலில் தண்ணீர் இறைக்க விறகுக் கழிவில் இயங்கும் எரிவாயுக் கருவியை அமைத்தார்கள். பிறகு 2006-இல், சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. ஊராட்சியின் சேமிப்பு சுமார் 40 லட்சம். மீதி வங்கிக் கடன். காற்று நன்றாக வீசும் இடம் வேண்டும் என்பதால், காற்றாலையை ஓடந்துறையில் அல்லாமல் உடுமலைப்பேட்டைப் பக்கம் நிறுவினார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் கிடைக்கும். ஊராட்சியின் தேவை 4.5 லட்சம் யூனிட். எஞ்சியது மின்வாரியத்துக்கு விற்பனை. மின்கட்டணச் சுமை இறங்கியது, கடனும் அந்த வருமானத்திலிருந்தே அடைந்தது. ஒரு சாதாரண ஊராட்சி இதைச் செய்து காட்டியது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

வெயிலுக்கான சான்று குஜராத்தில் இருக்கிறது. கேடா மாவட்டத்தின் துண்டி கிராமத்தில் உழவர்கள் சிலர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாசனம் போக மிஞ்சிய சூரிய மின்சாரத்தை 2016 முதல் மின்விநியோக நிறுவனத்துக்கு விற்றார்கள். லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில், 2012-இல் பொதுக் குடியிருப்பு ஒன்றின் கூரையில் பலகைகள் ஏறின. குடியிருப்பவர்களும் அக்கம்பக்கத்தாரும் பங்கு வாங்கினார்கள்; வருமானத்தின் ஒரு பகுதி அதே குடியிருப்புகளில் மின்சிக்கனப் பணிகளுக்கான நிதிக்குப் போனது. நகரத்துக்கு ஏற்ற மாதிரி இதுவே.

ஒன்றிய அரசு 2024-இல் தொடங்கிய 'பிரதமர் சூர்ய கர்' திட்டம், குடியிருப்போர் சங்கங்கள் பொது வசதிகளுக்காக அமைக்கும் நிலையங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் தருகிறது. தன் எல்லையில் கூரைச் சோலார் பெருகினால், ஒவ்வொரு நிறுவலுக்கும் உள்ளாட்சி அமைப்புக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. ஆக, முதலீட்டுக்கு வழி இருக்கிறது. வரும் பணத்தை யார் வைத்திருப்பது என்பதே புதுச்சேரியில் கடினமான கேள்வி.

ஓடந்துறையில் மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சி இருந்தது. கடன் வாங்கவும் கணக்குக் காட்டவும் அதற்கு அதிகாரம் இருந்தது. புதுச்சேரியில் உள்ளாட்சியின் வரலாறு நீளமானது. பிரெஞ்சு அரசு 1880-ஆம் ஆண்டு ஆணையின் மூலமே இங்கே கொம்யூன் எனப்படும் உள்ளாட்சி அமைப்புகளை அமைத்தது. ஆனால் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 2006-இல்தான் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தபின், நகராட்சிகளும் கொம்யூன் பஞ்சாயத்துகளும் அதிகாரிகளின் கையிலேயே நீண்டகாலம் இருந்துவருகின்றன. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத இடத்தில் கூட்டுறவுச் சங்கமோ குடியிருப்போர் சங்கமோ அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். நிதியின் எத்தனை சதவீதம் எந்தப் பணிக்கு என்பதைத் தொடக்கத்திலேயே சங்க விதியில் எழுதிவிடுவது நல்லது. பணம் சேர்ந்தபின் பேசத் தொடங்கினால் சண்டைதான் மிஞ்சும்.

நூறு கிலோவாட் நிலையம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பத்தாயிரம் சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.4 லட்சம் யூனிட் கிடைக்கும். யூனிட்டுக்கு 5 ரூபாய் மதிப்பு வைத்தால் 7 லட்சம் ரூபாய். இதில் முதலில் கழிய வேண்டியது கடன் தவணை. கடற்கரை நகரமாதலால் உப்புக்காற்று இரும்புச் சட்டங்களை அரிக்கும். துருப்பிடிக்காத பொருளுக்குக் கூடுதல் செலவாகும். 2011 தானே புயலும் 2024 ஃபெஞ்சல் புயலும் கண்ட ஊரில், பலகைகளை இறுக்கிப் பிணைப்பதையும் காப்பீட்டையும் தவிர்க்க முடியாது. பலகைகள் இருபத்தைந்து ஆண்டு உழைத்தாலும், இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறையாவது மாற்ற வேண்டிவரும். அதற்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை எடுத்துவைக்க வேண்டும். இவையெல்லாம் போக நிற்பதே பங்குதாரருக்கும் ஊர் நிதிக்கும் உரியது. கடன் அடையும்வரை அது சிறு தொகையாகவே இருக்கும். அதன்பின் ஆண்டுக்குச் சில லட்சங்களாக உயரும்.